வாயிலை அறிதலும் வந்தவரை அறிதலும்

ஒருவர் எவ்வழியாக வந்தார் என்பதைக் கொண்டு அவர் எத்தகையவர் எனத் துணியும் வழக்கம் இணையத்தோடு தோன்றியதன்று. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டவேலைக்கென அழைத்துவரப்பட்டோரின் கழுத்தில் தகரத் துண்டொன்று கட்டப்பட்டது. அதிற் பொறிக்கப்பட்ட எண், அவர் எத்தோட்டத்துக்குச் செல்லவேண்டியவர் என்பதை வழியிலிருந்த அலுவலர்க்குக் காட்டிற்று. பின்னர் அவர் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், 'துண்டு' எனப்பட்ட கடிதம் வேண்டும். கங்காணியின் கீழிருந்த கூட்டத்தின் கடன் தீர்க்கப்படுமாயின் அக்கூட்டத்தை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் கடிதம் அது. அதனைக் கொண்டுவராதவரை அயற்றோட்டத்தார் ஏற்பதில்லை. ஒருவரது உழைப்பும் ஒழுக்கமும் எத்தகையனவாயினும், அவர் சேர்ந்திருந்த கூட்டத்தின் கணக்கே அவரது கணக்காயிற்று. 1921ஆம் ஆண்டிலேயே சட்டம் இத்துண்டுமுறையை ஒழித்தது.

துண்டு ஒழிந்த பின்னரும் முகவரியின் இடர்ப்பாடு ஒழியவில்லை. பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை முதலிய இடங்களின் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்கு வீட்டிலக்கமும் வீதிப்பெயரும் இல்லாதிருந்தன. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து லயங்களுக்குப் பகிரப்படும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே முகவரியின்கீழ் வாழ்ந்தன. அம்முகவரியை அறிந்தவர் தோட்டத்தை அறிந்தாரேயன்றி, அத்தோட்டத்துள் வாழும் ஆளை அறிந்தாரல்லர்.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் கைப்பேசி வாயிலாக இணையத்தளங்களை நாடுகின்றனர். கல்லூரிகளும் பழைய மாணவர் சங்கங்களும் தத்தமக்கென இணையத்தளங்களை நடத்துகின்றன. ஆங்கும் அப்பழைய வினாவே எழுகின்றது. வருபவரின் முகவரி எதனைக் காட்டும், எதனைக் காட்டாது? சிறப்பாக, தம்மை மறைத்துக்கொண்டு 'டோர்' எனும் பெயர்மறைப்பு வலையமைப்பின் வழியாக வருவோரை இணையத்தளம் எவ்வாறு கண்டறிகின்றது? கண்டறிந்தபின் செய்யத்தக்கது யாது? இவையே ஈண்டு ஆராயப்படுவன.

முகவரி என்பது

இணையத்தளமொன்றைத் தாங்கும் கணினி சேவையகம் எனப்படும். அதனை ஒருவர் அணுகும்பொழுது, மறுமொழி எங்கே அனுப்பப்படவேண்டும் என்பதைக் காட்டும் எண்ணும் உடன்வருகின்றது. இதுவே ஐ.பி. முகவரி. சேவையகம் அதனையும் வருகையின் நேரத்தையும் வேண்டப்பட்ட பக்கத்தையும் தன் பதிவேட்டிற் குறித்துக்கொள்ளும்.

இம்முகவரி ஆளுக்கொன்றாக அமைந்ததன்று. எண்ணிக்கையில் முகவரிகள் போதாமையால், கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொதுமுகவரியின் பின்னே நிறுத்துகின்றன. பதுளை நகரத்து வணிகரும் லுணுகலைத் தோட்டத்து மாணவியும் ஒரே வேளையில் ஒரே முகவரியுடன் தோன்றுதல் கூடும். ஒரு வீட்டிற் கைப்பேசி ஒன்றே இருக்க, அதனைத் தந்தையும் தாயும் பிள்ளைகளும் மாறிமாறிப் பயன்படுத்துவதும் உண்டு. பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்ட 2020, 2021ஆம் ஆண்டுகளில் இந்நிலையை ஆசிரியர் பலர் நேரிற் கண்டனர். ஆகவே, மறைப்பு ஏதும் இல்லாதவிடத்தும் முகவரி ஒரு வாயிலையே காட்டுகின்றது. டோர் வலையமைப்பு அவ்வாயிலை வேண்டுமென்றே வேறிடத்தில் அமைத்துவிடுகின்றது.

மூன்று உறைகள்

இவ்வலையமைப்பின் அடிப்படைக் கருத்து 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. கோல்ட்சிலாக், ரீட், சைவர்சன் ஆகிய மூவர் அதனை வகுத்தோர். உரிக்க உரிக்க அடுக்கடுக்காய் அமைந்திருத்தலின் அது வெங்காய வழிப்படுத்தல் எனப் பெயர் பெற்றது. டிங்கில்டைன், மத்தியூசன் என்போர் சைவர்சனுடன் சேர்ந்து அமைத்த டோர், 2002இற் செயற்படத் தொடங்கியது. 2006இல் அதனைப் பேணுதற்கென இலாபநோக்கற்ற நிறுவனம் ஒன்று நிறுவப்பட்டது.

அது தொழிற்படும் முறையைத் தபால் உவமையால் எளிதில் விளக்கலாம். பசறையில் உள்ள ஒருவர் கொழும்பிலுள்ள காரியாலயம் ஒன்றுக்குத் தம் இடம் தெரியாதவாறு கடிதம் அனுப்ப விரும்புகிறார் எனக் கொள்க. அவர் கடிதத்தை ஓர் உறையிலிட்டு, அவ்வுறையை மற்றோர் உறையிலும், அதனை மூன்றாம் உறையிலும் இடுகிறார். வெளியுறை பண்டாரவளையில் உள்ள முகவருக்குச் செல்லும். அவர் அதனைப் பிரித்து, உள்ளிருக்கும் உறையை அட்டனில் உள்ள முகவருக்கு அனுப்புவார். அட்டன் முகவர் அடுத்த உறையைக் கண்டி முகவருக்கு அனுப்புவார். கண்டி முகவர் இறுதி உறையைப் பிரித்துக் கடிதத்தைக் கொழும்புக்குச் சேர்ப்பார். பண்டாரவளையார் எழுதியவரை அறிவார். கடிதம் முடிவில் எங்கே செல்கின்றதென அறியார். கண்டியார் சென்றுசேரும் இடத்தை அறிவார், எழுதியவரை அறியார். அட்டனில் உள்ளவர் இரண்டனையும் அறியார். பெறுநருக்குத் தெரிவதோ கண்டித் தபால் முத்திரை ஒன்றே.

டோர் வலையமைப்பிலும் செய்தி இவ்வாறே மூன்று நிலையங்களைக் கடக்கின்றது. முதலாவது நுழைவு நிலையம். இரண்டாவது நடு நிலையம். மூன்றாவது வெளியேற்ற நிலையம். உறைகளின் தொழிலை மறைகுறியாக்கம் செய்கின்றது. இந்நிலையங்களைத் தன்னார்வலர் உலகின் பல நாடுகளிலும் நடத்துகின்றனர். இணையத்தளத்தின் பதிவேட்டில் விழுவது வெளியேற்ற நிலையத்தின் முகவரி. பதுளையில் இருப்பவர் செருமனியிலோ நெதர்லாந்திலோ இருப்பவர்போலத் தோன்றுவது இதனாலாம். பத்து நிமிடம் அளவில், புதிய தொடர்புகளுக்குப் பாதையும் மாறிவிடும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறற்பாலது. கடிதமே மூடப்படாதிருப்பின் கண்டி முகவர் அதனைப் படித்துவிடலாம். அவ்வாறே, இணையத்தளம் தன்னளவில் மறைகுறியாக்கம் செய்யாததாயின், வெளியேற்ற நிலையத்தை நடத்துவோர் அதன்வழிச் செல்வனவற்றைக் காணுதல் கூடும். இடத்தை மறைத்தல் வேறு. செய்தியைக் காத்தல் வேறு.

கண்டறியும் முறை

வெளியேற்ற நிலையங்களைக் கண்டறிதற்கு மந்திரமோ உளவோ வேண்டுவதில்லை. டோர் நிறுவனமே அவற்றின் பட்டியலை வெளியிடுகின்றது. எந்நிலையங்கள் உள்ளன என அறியாமல் பயனர் பாதை அமைத்தல் இயலாதாகையால், நம்பிக்கைக்குரிய சில கணினிகள் மணிக்கொருமுறை தம்முள் வாக்களித்து, நிலையங்களின் பொதுப்பட்டியல் ஒன்றை உறுதிசெய்கின்றன. ஒவ்வொரு நிலையத்தின் முகவரியும், அது வெளியேற்றத்துக்கு இடங்கொடுக்கின்றதா என்பதும் அதில் இடம்பெறும். இணையத்தளத்தார் தம் விருப்பப்படி முடிவுசெய்ய வழி இருத்தல் வேண்டும் என்பது டோர் நிறுவனத்தாரின் கொள்கை.

எனினும், அப்பட்டியலை அப்படியே கொள்ளுதல் பிழைக்கு இடந்தரும். ஒரு நிலையம் பட்டியலில் ஒரு முகவரியைத் தெரிவித்து, வேறொரு முகவரி வழியாக வெளியேறுதல் உண்டு. அதனால், நிலையங்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் தொடர்பு கொண்டு, மெய்யாக எம்முகவரியில் வெளிப்படுகின்றதெனச் சோதித்தறிந்த தனிப்பட்டியலும் வெளியிடப்படுகின்றது. கண்டறிதற்குத் தக்கது இதுவே.

இணையப் பெயர்களுக்குரிய முகவரிகளைத் தரும் டீ.என்.எஸ். அமைப்பின் வழியாக வினவுதல் மற்றொரு முறை. வருகையாளரின் முகவரி 203.0.113.25 எனக் கொள்க. அதன் பகுதிகளை 25.113.0.203 எனத் தலைகீழாக மாற்றி, டோர் நிறுவனத்தின் வினாப்பெயரை இறுதியிற் சேர்த்துக் கேட்டல் வேண்டும். 127.0.0.2 என்ற விடை வருமாயின் அது வெளியேற்ற நிலையம் எனக் கொள்ளலாம். இம்முறையில் ஒரு குறை உண்டு. வருவோர் ஒவ்வொருவரின் முகவரியையும் பிறரிடம் சொல்லிக் கேட்கவேண்டியிருத்தலின், மறைந்து வாராதவரின் வருகையும் பிறர்க்குத் தெரிந்துவிடும். பட்டியலை இறக்கித் தம்மிடத்தே ஒப்பிடுதல் அதனினும் நன்று.

மூன்றாவது, காலம் பற்றியது. நிலையங்கள் நாடோறும் தோன்றுகின்றன, மறைகின்றன. சென்ற திங்களில் வந்தவரை இன்றைய பட்டியலோடு ஒப்பிடுதல் பொருந்தாது. குறித்த நாளில் குறித்த முகவரி டோர் நிலையமாக இருந்ததா எனத் தேடியறிய 'எக்சோனரேட்டர்' எனும் சேவையை அந்நிறுவனம் நடத்துகின்றது. அப்பெயர்ச்சொல்லின் பொருள் பழியினின்று விடுவிப்பது என்பதாம். அது பொருத்தமான பெயரே என்பது பின்னர் விளங்கும்.

கண்டறிவோர் வழக்கமாக இடறும் இடங்கள் வேறு சிலவும் உள. நுழைவு நிலையமும் நடு நிலையமும் இணையத்தளத்தை நேரில் அணுகுவதில்லை. அவற்றின் முகவரிகளையும் சேர்த்துத் தடைசெய்வோர், தம் வீட்டில் நடு நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டு வழமைபோல் இணையத்தைப் பயன்படுத்தும் குடும்பத்தையே தடைசெய்தவராவர். நிலையத்தின் வெளியேற்ற விதியும் நோக்கற்பாலது. சில நிலையங்கள் சில வகைத் தொடர்புகளுக்கே வழிவிடும். வணிக நோக்கில் நடத்தப்படும் வி.பி.என். சேவைகளுக்கோ இத்தகைய முழுப்பட்டியல் இல்லை. ஆகையால், டோர் வழி வருவோரை அறிந்தமை கொண்டு மறைந்து வருவோர் அனைவரையும் அறிந்ததாகக் கொள்ளுதல் தவறு.

பட்டியலில்லாமல், உலாவியின் தோற்றத்தைக் கொண்டு அறிய முயல்வாரும் உளர். டோர் உலாவி தன் சாளரத்தின் அளவைக் குறித்த படிகளுக்குள் அடக்கும். நேரவலயத்தை உலகப் பொதுநேரமாகவே காட்டும். பாடசாலைச் சீருடை அணிந்த மாணவரைத் தூரத்திலிருந்து காண்பவர் அவர் எப்பாடசாலையினர் என அறிவார். எம்மாணவர் என அறியார். அவ்வுலாவியின் நோக்கமும் அச்சீருடையின் நோக்கத்தையே ஒத்தது.

பழி யாரைச் சேரும்

கல்லூரி ஒன்றின் இணையத்தளத்தில் ஆசிரியர் ஒருவரை இழித்துரைக்கும் குறிப்பொன்று பெயரின்றிப் பதியப்பட்டது எனக் கொள்க. பதிவேட்டை நோக்கினால் அயல்நாட்டு முகவரி ஒன்று காணப்படுகின்றது. அந்நாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர்மீது ஐயம் எழுதல் இயல்பு. அம்முகவரி அன்றைய வெளியேற்ற நிலையங்களுள் ஒன்று எனத் தெரிந்தால், அவ்வையத்துக்கு அடிப்படை இல்லையென்பது தெளிவாகும். கண்டறிதலின் தலையாய பயன் இதுவே. குற்றவாளியை அது காட்டுவதில்லை, குற்றமற்றவரைக் காக்கின்றது.

இதனை அறியாமையால் நேரும் தீங்கு கற்பனையன்று. மாஸ்கோவில் கணித ஆசிரியர் ஒருவர், தமது கணினியில் வெளியேற்ற நிலையம் நடத்திவந்தார். அதன் முகவரியிலிருந்து வன்முறையைத் தூண்டும் செய்திகள் வெளியாயின எனக் கூறி, 2017ஆம் ஆண்டு ஏப்பிரலில் அவர் கைதுசெய்யப்பட்டார். சிறையிலும் பின்னர் வீட்டுக்காவலிலும் இருந்த அவர்மீதான குற்றச்சாட்டு 2018இல் கைவிடப்பட்டது. முகவரியை ஆளெனக் கொண்டதன் விளைவு அது.

மறுபுறம், இணையத்தளத்தாரின் அச்சமும் பொய்யன்று. கடவுச்சொற்களை ஊகித்துப் புகமுயல்வோரும், குப்பை விளம்பரங்களைக் குவிப்போரும் இவ்வலையமைப்பைப் பயன்படுத்துகின்றனர். ஒரே வெளியேற்ற நிலையத்தின் வழியாகப் பலர் வருதலின், ஒருவன் செய்த தீமையால் அம்முகவரி கெட்டபெயர் பெறுகின்றது. பின்னர் அதன்வழி வரும் அனைவரும் வெளியே நிறுத்தப்படுகின்றனர். 2016இல் வெளியான ஆய்வொன்று, அக்காலத்து முதன்மையான 1,000 இணையத்தளங்களுள் 3.67 விழுக்காடு டோர் வழி வருவோரை முற்றாகத் தடுத்தன அல்லது அவர்க்குக் குறைந்த சேவையையே அளித்தன எனக் கண்டது. கூட்டத்தின் கடனைத் தனியாளின் தலையில் ஏற்றிய துண்டுமுறையை இது நினைவூட்டுகின்றது.

மறைந்து வருவோர் யாவர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போதும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்பிரல் 3ஆம் நாளிலும் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. அவ்வேளைகளில் உறவினரின் நலன் அறிய விரும்பிய எளிய மக்களும் மாற்றுவழிகளைத் தேடினர். மாற்றுவழியை நாடியமை அவர்க்குக் குற்றமாகாது.

தோட்டச் சமூகத்துக்கு இது மேலும் பொருந்தும். லயத்தில் ஒருவர் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கும். கைப்பேசி குடும்பத்துக்குப் பொதுவாக இருக்கும். சம்பளக் குறைவைப் பற்றியோ, வேலைத்தலத்தில் நேர்ந்த தொல்லையைப் பற்றியோ, வீட்டினுள் நிகழும் வன்முறையைப் பற்றியோ முறையிட விரும்பும் பெண்ணுக்குத் தன் இடம் வெளிப்படாமை பாதுகாப்பாகும். முறைப்பாட்டை ஏற்கும் இணையத்தளமே மறைந்து வருவோரைத் தள்ளுமாயின், அவள் செல்லுதற்கு வேறு வாயில் யாது?

செய்யத்தக்கன

வாயிலைக் கண்டு ஆளைத் தீர்மானித்தல் தகாதாயின், செயலைக் கண்டு தீர்மானித்தலே முறை. இதற்கு விக்கிப்பீடியா நல்லதோர் எடுத்துக்காட்டு. டோர் வழி வருவோர் அதனைப் படித்தற்குத் தடையில்லை. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளையும் அவ்வாறு படிக்கலாம். ஆயின், வெளியேற்ற நிலையம் வழியாகக் கட்டுரைகளைத் திருத்துதல் தடுக்கப்பட்டுள்ளது. தக்க காரணம் காட்டும் நம்பிக்கைக்குரிய பயனர்க்கு அத்தடையினின்று விலக்களிக்கவும் வழியுண்டு. படித்தலால் எவர்க்கும் தீங்கில்லை; திருத்துதலால் தீங்கு நேரக்கூடும். இவ்விரண்டையும் பிரித்துணர்ந்தமையே அதன் சிறப்பு.

கல்லூரி இணையத்தளமும் இவ்வாறே செய்யலாம். நூலகப் பட்டியலும் ஆண்டுமலரும் வினாத்தாள்களும் எவ்வாயிலால் வருவோர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். கருத்துரைகள் வெளியாகுமுன் ஆசிரியர் ஒருவரின் பார்வைக்குச் செல்லலாம். நிருவாகியின் கணக்கில் நுழைதற்கு இரண்டாம் உறுதிப்பாடு வேண்டப்படலாம். கடவுச்சொல்லைப் பலமுறை பிழையாக இடுதல், எவ்வாயிலால் வந்தவர் செய்யினும் தடுக்கப்படவேண்டும். எவரேனும் மறுக்கப்படின் காரணத்தையும் மாற்றுவழியையும் ஒரு வரியிற் கூறுதல் பண்பு.

பதிவேட்டைப் பேணுதலும் பொறுப்புக்குரியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை அடையாளங்காணப் பயன்படும் இணைய அடையாளங்களையும் தனிப்பட்ட தரவின் வரைவிலக்கணத்துள் அடக்குகின்றது. தேவையான காலத்துக்கு மேல் முகவரிகளைச் சேர்த்துவைத்தலும், தேவையற்றோர்க்கு அவற்றைக் காட்டுதலும் தவிர்க்கப்படவேண்டியன.

முறைப்பாடுகளை ஏற்கும் அமைப்புகளோ இன்னும் ஒருபடி மேற்சென்று, வலையமைப்பினுள்ளேயே தமக்கொரு முகவரியை அமைத்துக்கொள்ளலாம். 2014இல் பேஸ்புக் நிறுவனமும் 2019இல் பி.பி.சி. செய்திச்சேவையும் அவ்வாறு செய்தன. ஆண்டு வெளியேற்ற நிலையமே இல்லை. ஆதலின் அதன்மேல் ஏற்றப்படும் பழியும் இல்லை.

வெளியேற்ற நிலையத்தைக் கண்டறிதல் பயனுள்ள கலையே. பதிவேட்டில் உள்ள எண்ணை ஆளெனக் கொண்டு ஏமாறாமல் அது காக்கும். ஆயின், அது கூறுவது ஒரே செய்திதான்: இவர் தம் இடத்தைக் காட்ட விரும்பவில்லை என்பது. ஏன் விரும்பவில்லை என்பதை எப்பட்டியலும் கூறாது. தகரத் துண்டின் எண் தொழிலாளியின் தோட்டத்தைக் கூறிற்று. அவர் விட்டுவந்த ஊரையோ, அவர் நெஞ்சில் இருந்த எண்ணத்தையோ கூறவில்லை. எண்ணால் அறியப்பட்டோரின் வழித்தோன்றல்கள் இன்று இணையத்தளங்களை அமைக்கும் கல்வி பெற்றுள்ளனர். தம் முன்னோர்க்கு மறுக்கப்பட்ட நடுநிலைமையைத் தம் வாயிலுக்கு வருவோர்க்கு அளித்தல் அவர்க்குரிய கடனாகும்.